தாத்தாவின் அப்பா பெயர் என்ன? சுங்கை சிப்புட் வீராசாமி குடும்பத்துக் கதையும் நம் வீட்டுக் கதையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வந்து ஆற அமர உட்கார்ந்து படிங்க. வீட்டில் வயசானவங்க இருந்தா சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அவங்களுக்குத்தான் இது அதிகம் புரியும்.

துன் வீ.தி.சம்பந்தன் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஈப்போவில் அவர் பெயரில் சாலை இருக்கு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இருக்கு. ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவர். நாடு சுதந்திரம் வாங்கிய காலத்து அமைச்சர். நம் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

சரி, அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கிற ‘வீ’ யார்?

இந்தக் கேள்வியை நம் ஆலயத்துத் தொண்டர்களிடமே கேட்டுப் பார்த்தோம். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுபது தாண்டிய ஒரு பெரியவர் மட்டும், “வீராசாமிப்பா, அவங்க அப்பா. தோட்டம் வச்சிருந்தவரு” என்றார். இத்தனை பெரிய மனிதரின் அப்பாவே ஓர் எழுத்தாகச் சுருங்கிப் போயிட்டார் என்றால், பால்மரம் சீவிய நம் முப்பாட்டன் கதி என்ன? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் வீராசாமி கதை.

வீராசாமி மலாயாவுக்கு வந்தது 1896ஆம் ஆண்டு. அந்த ஆண்டை நன்றாகக் கவனிங்க. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டரசு மலாய் மாநிலங்கள் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கத் தொடங்கியது அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி. மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டதும் அதே ஆண்டுதான். அப்போது இங்கே தோட்டம் என்றால் காப்பித் தோட்டம், கரும்புத் தோட்டம். ரப்பரை யாரும் பெரிசா நம்பவில்லை.

ஆனால் ரப்பர் மரம் மட்டும் நம் பேராக்கில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. 1876ல் பிரேசில் காட்டிலிருந்து ஆங்கிலேயர் விதையை எடுத்துப்போய் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டவர் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றைக்கும் கோலகங்சாரில் வேலி போட்டு நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வாங்க. நம் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது அந்த இனத்து மரம்.

1896ல் இந்த வட்டாரம் எப்படி இருந்திருக்கும்? ஈப்போ என்றால் ஈயம். சீனர்கள் ஆயிரக்கணக்கில் ஈயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து தெற்கே சிரம்பான் வரைக்கும் ரயில் பாதை ஒன்றாக இணைந்தது 1903ல்தான். இன்று நாம் படம் பிடிக்கும் ஈப்போ ரயில் நிலையக் கட்டடம் 1917ல் முடிந்தது. அதற்கெல்லாம் முந்தி வந்து இறங்கியவர் வீராசாமி.

அப்படி வந்தவர் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் நட்ட முன்னோடி இந்தியர்களில் ஒருவர் ஆனார். இதைச் சும்மா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. ரப்பர் கன்று நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் கத்தி வைக்க முடியும். அதுவரைக்கும் ஒரு காசு வராது. காடு வெட்டணும், களை பிடுங்கணும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கணும், வீட்டில் உலை வைக்கணும். நிலமும் காத்திருக்கத் தெம்பும் உள்ளவன் முதலாளி ஆனான். இரண்டும் இல்லாதவன் அடுத்தவன் மரத்தைச் சீவினான். நம் முன்னோர்களில் அதிகம் பேர் இந்த இரண்டாவது வரிசை. ஆகவே அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் கையில் இருந்த தொழிலில் ஒரு தமிழர் சொந்தமாகத் தோட்டம் போட்டு நிலைத்தார் என்பது சின்ன விஷயம் இல்லீங்க. 1910ல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. மோட்டார் கார் வந்த காலம், டயருக்கு ரப்பர் வேணும். முன்கூட்டியே நட்டு வைத்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

1919 ஜூன் 16ஆம் தேதி வீராசாமிக்கு மகன் பிறந்தார். வைத்த பெயர் திருஞானசம்பந்தன். ‘வீ.தி.’ என்பது இதுதான். ‘வீ’ அப்பா வீராசாமி. ‘தி’ திருஞான என்பதன் முதல் எழுத்து.

பக்தர்களாகிய நாம் இந்தப் பெயரில் ஒரு நிமிஷம் நிற்கணும். கடல் தாண்டி, காட்டு நடுவில், மலேரியாவும் புலியும் இருந்த காலத்தில், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்த ஒரு தகப்பன் சீர்காழிப் பிள்ளையின் பெயரை எடுத்திருக்கிறார். தகப்பன் குளத்தில் மூழ்கிய நேரத்தில் அழுத குழந்தைக்கு உமையம்மை ஞானப்பால் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். “யார் கொடுத்தது?” என்று அதட்டிய தகப்பனுக்குக் குழந்தை கோபுரத்தைக் காட்டிப் பாடிய முதல் பதிகத்தை நம் ஆலயத்தில் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். கையில் கொண்டுவர முடியாத ஊரை அந்தக் காலத்து ஆட்கள் பெயரில் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பிள்ளை கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு அப்பா அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அது இருப்பது சிதம்பரத்தில். சிதம்பரத்திலிருந்து சீர்காழி பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன், பெயர் கொடுத்த சம்பந்தரின் ஊருக்குப் பக்கத்திலேயே போய்ப் படித்திருக்கிறார். பிற்பாடு அவர் கைப்பிடித்த அம்மையாரின் பெயரும் உமாசுந்தரி. தோ புவான் உமா சம்பந்தன் என்றால் மூத்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் இதற்கு அர்த்தம் கற்பிக்கவில்லை. ஆனால் படிக்கும்போது மனசுக்கு இதமா இருக்கு.

மகன் செய்தவை நாட்டு வரலாற்றில் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறோம். 1955ல் ம.இ.கா. தலைவர். அதே ஆண்டு தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சர். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி, கடைசியில் தேசிய ஒற்றுமை. 1973 வரைக்கும் கட்சித் தலைவர். 1979 மே 18ஆம் தேதி, அறுபது வயதுகூட நிறையாமல், காலமானார். அவருக்கு ஒரு மகள் உண்டு.

அரசியலை ஒரு பக்கம் வைப்போம். அப்பா வைத்துவிட்டுப் போனதை மகன் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுது. இரண்டு விஷயம் சொல்றோம்.

முதலாவது பள்ளிக்கூடம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கணும் என்று 1923லேயே தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். சில இடங்களில் கிராணியே வாத்தியார். 1954ல் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். ஐ.நா. பொதுச்சபைக்கு முதல் பெண் தலைவராக இருந்த அம்மையார் அவர். பால்வெட்டுக்காரர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு அப்படிப்பட்டவர் வந்தார் என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பள்ளியில் படித்து ஆளானவர்கள் இன்று நம் ஆலய உபயக்காரர்களிலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது தோட்டத் துண்டாடல் விவகாரம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டு நிலம் வாங்கியவனுக்கு லயத்தில் இருக்கும் நூறு குடும்பம் எதுக்கு? வேலை போச்சு, வீடு போச்சு, கோயில் போச்சு. 1960ல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்க, நாமே தோட்டத்தை வாங்கலாம் என்று பேசினார். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பால்வெட்டுக்காரருக்கு சில நாள் கூலி. ஆனாலும் கொடுத்தார்கள். 1961ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரம் சீவினவன் மரத்துக்குப் பங்குதாரன் ஆனான். ஒரு வீராசாமிக்குக் கிடைத்த வாய்ப்பில் ஒரு துளியாவது ஆயிரம் முனியாண்டிக்கும் மாரியாயிக்கும் கிடைக்கட்டும் என்ற எண்ணம் அது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது கணக்குப் பார்ப்போம். 1896ல் வந்த வீராசாமி. அவர் மகன் காலமான 1979. இடையில் 83 வருஷம். அவ்வளவுதான். இந்த 83 வருஷத்துக்குள் வீராசாமி என்ற முழுப்பெயர் ‘வீ’ என்ற ஓர் எழுத்தாச்சு. அடுத்து சாலைக்குப் பெயர் வைத்தபோது பலகையைப் பாருங்க: ஜாலான் துன் சம்பந்தன். அந்த ‘வீ’யும் இல்லை!

இது யாருடைய குற்றமும் இல்லை. நம் தமிழ் முறையே அப்படி. சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும், பத்துத் தலைமுறை ஆனாலும் மாறாது. நமக்கு அப்பா பெயர் மட்டும்தான் தலைப்பெழுத்து. நான் என் அப்பாவைச் சுமப்பேன், என் மகன் என்னைச் சுமப்பான், என் அப்பாவை இறக்கி வைத்துவிடுவான். பெண் பிள்ளை என்றால் கல்யாணம் ஆனதும் அந்த ஓர் எழுத்தும் மாறிப் போய்விடும். அம்மாவின் அம்மா பெயர் எந்த எழுத்திலும் எப்போதும் இருந்ததே இல்லை.

ஆனால் நம் முன்னோர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பேரன் என்ற சொல்லைப் பாருங்க. பெயரன் என்பதுதான் பேரன் ஆச்சு. தாத்தா பெயரைத் தாங்குபவன் பெயரன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால், தலைப்பெழுத்தில் இறக்கி வைத்த பெயர் மறுபடியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் சுற்றி வரும். நம் நாட்டில் அந்தப் பழக்கம் விட்டுப் போச்சு. இப்போ எண் கணிதம் பார்த்து, ஸ்டைலா பெயர் வைக்கிறோம். குழந்தைக்குப் பெயர் நல்லாத்தான் இருக்கு. பேரன்தான் இல்லை.

பெயருக்குள்ளே ஊரும் இருக்கும். பத்துமலையையும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் நமக்குத் தந்த தம்புசாமி பிள்ளையை எடுத்துக்கங்க. 1850ல் சிங்கப்பூரில் பிறந்தவர். கே.தம்புசாமி பிள்ளை என்று எழுதுவார்கள். அந்த ‘கே’ காயாரோகணம். நாகப்பட்டினத்து சிவன் கோயில் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே புரியும். அங்கே சுவாமி பெயர் காயாரோகணேஸ்வரர், அம்பாள் நீலாயதாட்சி. நாகப்பட்டினம் நம்மவர்கள் கப்பலேறிய துறைமுகம். கே என்று மட்டும் வைத்திருந்தால் அது வெறும் எழுத்து. விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோபுரம் நிற்குது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் ஆலயத்தில் தர்ப்பணச் சீட்டு எழுதும் வேலை தொண்டர்களாகிய எங்களுடையது. குருக்கள் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அப்பாவை வசுவாகவும், தாத்தாவை ருத்திரராகவும், கொள்ளுத்தாத்தாவை ஆதித்தியராகவும் நினைத்து எள்ளும் தண்ணீரும் விடுவது முறை. அம்மா பக்கமும் அப்படியே மூன்று தலைமுறை. அப்பா பெயர் டக்கென்று வரும். தாத்தா பெயருக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள், கைப்பேசியில் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். மூன்றாவது பெயரில் நின்றுவிடும். நூறு சீட்டு எழுதினால் மூன்றாவது கட்டம் நிரம்புவது பத்தோ பதினைந்தோதான். பாட்டிமார் வரிசை அதைவிட மோசம். “எல்லாரும் ‘ஆயா’ன்னுதான் கூப்பிடுவோம், பேரு தெரியலைங்க” என்பார்கள்.

பெயர் தெரியாவிட்டால் உறவைச் சொல்லியே குருக்கள் செய்துவிடுவார். சாஸ்திரத்தில் அதற்கு இடம் இருக்கு, யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டவரின் முகத்தைப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஆதித்தியன் என்றால் சூரியன். சூரியனுக்குச் சமமாக வைத்த ஆளின் பெயர் நம் வாயில் வரவில்லை என்றால் மனசு கஷ்டப்படத்தான் செய்யும்.

ஏன் இப்படி ஆச்சு? நம் ஆட்கள் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. வரலாறு அவர்களைப் பல தடவை பிடுங்கி நட்டது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேர் அறுந்தது.

ஒப்பந்தக் கூலி முறை 1910ல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வந்தாச்சு. கங்காணி தன் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் போய் ஆள் சேர்ப்பார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் தங்கி, கப்பலேறி, பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவில் தனிமை முகாம். பிறகு தோட்டம். பேரேட்டில் பெயர் எழுதியவர் கிராணி. அவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு மூன்று விதமான எழுத்து. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. போக்குவரத்தும் குறைந்தது.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். தோட்டத்தில் பேரட்டு நின்ற ஆட்களை அப்படியே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாம் மரண ரயில் பாதை 415 கிலோ மீட்டர். 1942, 1943ல் அதைப் போட்டார்கள். நம் தமிழர் பல்லாயிரம் பேர் அங்கேயே போனார்கள். போர்க் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கு, கல்லில் பெயர் இருக்கு. நம்ம ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால் திதி கொடுக்க முடியாமல் போன வீடுகள் பேராக்கில் எத்தனையோ. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று பெரியவர்கள் வைத்தது இப்படிப்பட்ட ஆத்மாக்களுக்கும் சேர்த்துத்தான்.

போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பந்தனுக்கு அன்று 29 வயது நிறைவு. அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்களை உடைத்து, வேலிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீடு மாறும்போது பெட்டிக்குள் இருந்த காகிதம் எத்தனை போயிருக்கும்! பிறகு குடியுரிமை, 1969ஐ ஒட்டி வேலை பெர்மிட் பிரச்சினை. சிவப்பு ஐ.சி.காரர்கள் பலர் கப்பலேறி ஊருக்கே திரும்பினார்கள். குடும்பம் இரண்டாச்சு. கடைசியாக, நம் கண் முன்னாலேயே, தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. லயம் இருந்த இடத்தில் இப்போ சூப்பர் மார்க்கெட்.

நாங்கள் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறவர்கள். எங்கள் இடத்தில் ஒரு பெட்டி திருகாணிக்குக்கூடச் சீட்டு ஒட்டியிருக்கும். எந்த ஷிப்ட், எந்த மெஷின், யார் பரிசோதித்தார் என்று பத்து வருஷம் கழித்தும் தேடி எடுக்கலாம். திருகாணிக்கு இருக்கிற மரியாதை நம் கொள்ளுத்தாத்தாவுக்கு இருக்கணுமா வேண்டாமா?

தேடினால் கிடைக்கும். எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. தோட்டம் கைமாறி லயத்தை உடைத்தபோது மாரியம்மன் கோயில் சாமான்களை ஒரு பெரியவர் தம் வீட்டு ஸ்டோரில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பாகத்தில் ஆணியால் கீறின எழுத்து. உபயம் என்று போட்டு, ஒரு பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர்ப் பெயர். முதல் பெயர் எங்கள் தாத்தா. அப்படியானால் அடுத்தது கொள்ளுத்தாத்தா. ஐ.சி.யில் இல்லாதது, பேரேட்டில் இல்லாதது, அம்பாள் விளக்கின் அடியில் இருந்தது. படிப்பறிவு இல்லாத மனுஷன் யாரையோ எழுதச் சொல்லித் தன் அப்பனை அம்மன் காலடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆண்டிலிருந்து எங்கள் சீட்டில் மூன்றாவது கட்டம் காலியாக இல்லை.

ஆகவே நீங்களும் தேடுங்க. எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு, எங்களுக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறோம்.

முதலில் அப்பா அம்மாவின் பிறப்புப் பத்திரம். பழைய சூராட் பெரானாக்கில் தகப்பன் பெயர் இருக்கும், எந்தத் தோட்டம் என்றும் இருக்கலாம். தோட்டப் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்தத் தோட்டத்து ஆட்கள் இப்போ எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று விசாரிங்க. தோட்டத்துப் பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருந்தால் பழைய சேர்க்கைப் பதிவேடு அங்கே இருக்கா என்று தலைமையாசிரியரைப் பணிவாகக் கேளுங்க.

பழைய கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீங்க. இன்னாரின் பேரன், இன்னாரின் பேத்தி என்று போட்டிருப்பார்கள். கருமாதிப் பத்திரிகையும் அப்படியே. 1924லிருந்து 2019 வரைக்கும் வந்த தமிழ் நேசன் பத்திரிகையில் மரண அறிவிப்பு கொடுத்த குடும்பங்கள் ஏராளம். கத்தரித்து வைத்தது எந்தப் பெட்டிக்குள்ளாவது இருக்கும். ஊரிலிருந்து வந்த நீலக் கடிதத்தின் பின்பக்கம் அனுப்பியவர் முகவரி இருக்கும். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்னால் பாருங்க.

குலதெய்வம் எது என்று கேளுங்க. இது ரொம்ப முக்கியம். ஊர் பெயர் மறந்த வீட்டில்கூடக் குலதெய்வத்தின் பெயர் மறக்காமல் இருக்கும். சில தெய்வங்கள் ஒரு சில கிராமத்துக்கு மட்டுமே உரியவை. அந்தச் சாமியைப் பிடித்தால் கிராமத்தைப் பிடிக்கலாம்.

கடைசியாகக் கோயில். பழைய தோட்டக் கோயில்களின் விளக்கு, மணி, திருவாசி, வேல், கல்வெட்டுப் பலகை எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். கோயிலைப் புதுப்பிக்கும் நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: பழைய பலகையை உடைக்காதீங்க, பெயிண்ட் அடிச்சு மறைக்காதீங்க. முதலில் படம் எடுங்க. பழைய பித்தளையை எடை போட்டு விற்பதற்கு முன்னால் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்க.

எல்லாவற்றையும்விட, வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்க. பெரிய கேள்வியாகக் கேட்டால் “அதெல்லாம் ஞாபகம் இல்லைப்பா” என்பார்கள். சின்னதாகக் கேளுங்க. பக்கத்து வீட்டில் யார் இருந்தாங்க? ஆயாக்கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கிட்டது யாரு? தீமிதியில் கரகம் எடுத்தது யாரு? பெயர் தானா வரும். கைப்பேசியில் பதிவு பண்ணிக்கங்க. நாளைக்கு அவங்க குரலும் உங்களுக்கு வேணும்.

வீராசாமிக்கு நாடறிந்த மகன் இருந்தார். அதனால் இன்றைக்கு நாம் அந்த ‘வீ’யைப் பிடித்து 1896 வரைக்கும் போக முடிந்தது. நம் முப்பாட்டன்களுக்குச் சாலைப் பலகை கிடையாது. அவர்களுக்கு இருப்பது நாம் மட்டும்தான். நாம் சொன்னால் இருக்கிறார்கள்.

இந்த மகாளய பட்சம் முழுவதும் ஆலய அலுவலகத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். வருகிறவர்கள் அப்பா பக்கம் மூன்று, அம்மா பக்கம் மூன்று, பாட்டிமார் பெயர்களும் சேர்த்து எழுதுங்க. எந்தத் தோட்டம், எந்த ஊர், என்ன குலதெய்வம் என்பதையும் எழுதுங்க. தலைப்பெழுத்து வேண்டாம், முழுப்பெயராக எழுதுங்க. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்க, அடுத்த வருஷம் வந்து நிரப்பலாம். ஒரே தோட்டத்துக் குடும்பங்கள் இரண்டு அந்த நோட்டில் சந்தித்துக்கொண்டால் ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். நோட்டு ஆலயத்திலேயே இருக்கும், வெளியே போகாது.

எழுதக் கஷ்டப்படும் பெரியவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் யாராவது ஒரு தொண்டர் மேசையில் இருப்பார். சொல்லுங்க, எழுதிக்கிறோம்.

எல்லாருக்கும் அம்பாள் துணை இருப்பாள்.